முருகனுக்குப் போன ஐந்து நிமிஷம்

எங்கள் ஊர்ப் பெயரையும் 1991 என்ற வருஷத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். "அப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில்தான் இருந்தேன். அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எழுதியும் விட்டார்கள். அந்த வருஷத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் வேறு. அது வெறும் ஐந்து நிமிஷத்தைப் பற்றியது. இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை, ஆற நானும் விடவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மறைமலை நகரில் வெற்றுக் கேசட் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை. கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு எங்கள் பஸ் ஸ்டாண்டு எதிரில் வந்து நிற்கும். ஒரகடம் வழியாகப் போவோம். வல்லம் பக்கம் ரோட்டின் இரண்டு புறமும் நெல்தான். வேனில் பன்னிரண்டு பெண்கள், ஒரு டிரைவர், அவருடைய சினிமாப் பாட்டு. கம்பெனியில் பெரிய சக்கரத்தில் வருகிற நாடாவை அளவு பார்த்து வெட்டி, கேசட் ஓட்டுக்குள் சுற்றி, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்குவோம். என்னுடையது கடைசி மேஜை. தலையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கேசட் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டு, பச்சை நிறத்தில் ஒரு வட்ட ஓகே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அத்தனை பேரில் காது நன்றாக இருக்கிறது என்று பரிசோதித்து என்னைத்தான் அங்கே உட்கார வைத்தார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

மிஷின்களைப் பொருத்த பம்பாயிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து நான்கு மாதம் இருந்தார். அவர் ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு புதுக் கேசட்டை எடுத்து, அதில் அவர் கொடுத்த கேசட்டை முழுக்கப் பதிய வேண்டும். பிறகு அதை இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்டு, அழித்து, பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். டோன் என்று ஒன்று உண்டு, ஒரே மாதிரி 'கூ' என்று இழுக்கிற சத்தம். அதைக் கேட்டுப் பழகினால் காது தூங்கிவிடுமாம். அதனால் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள இசையாகப் பார்த்துத் தன் சொந்தக் கேசட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் மேல் பேனாவால் ஏ, பி என்று மட்டும் எழுதியிருந்தது. யார் வாசித்தது, எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் கிடையாது. நானும் கேட்கவில்லை. அவரிடம் பேசவே எனக்கு பயம்.

ஏ பக்கத்தை முதல் நாள் போட்டபோது மிஷினில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தேன். கிடாரை யாரோ தரையில் போட்டு இழுப்பது போல ஒரு சத்தம். அதன் மேல் ஒருவன் கத்துகிறான். அவன் பாடுகிறான் என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் டிரம் காதில் விழுந்தது. அதுவரை அது எல்லாச் சத்தத்துக்கும் அடியில் கிடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நான்காவது பாட்டில், கத்துவதற்கு முன்னால் அவன் மூச்சை இழுப்பது கேட்கும். மொத்தப் பாட்டிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அந்த மூச்சு வந்ததும் நானும் மூச்சை இழுத்துக்கொள்வேன். அவன் கத்துவான், நான் சத்தமில்லாமல் ஸ்டிக்கர் ஒட்டுவேன்.

எனக்கு அப்போது கத்த வேண்டியது நிறைய இருந்தது. அந்த வருஷம் மட்டும் என்னை மூன்று பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றாள். ஒரு முருகன் பாட்டுப் பாடினேன். பஜ்ஜி, கேசரி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, குரல் கொஞ்சம் கட்டையாக இருக்கிறது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நான் என்ன, கச்சேரிக்கா மனு போட்டேன்? மறுநாள் நான்காவது பாட்டை இரண்டு தடவை கேட்டேன்.

பி பக்கம் அப்படியே வேறு. அதில் பாட்டுக்காரனே கிடையாது. எல்லாம் மின்சாரத்தில் பிறந்த சத்தம். முதலில் அதையும் நான் இசை என்று நம்பவில்லை, டோனுக்குக் கொஞ்சம் அலங்காரம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் நடுவில் பதினொரு நிமிஷம் ஓடுகிற ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து சத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். கடைசியில் 'டொக்... டொக்...' என்று ஒரு துடிப்பு மட்டும் மிஞ்சும். ஐந்து நிமிஷத்துக்கு அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் எங்கேயோ ஓர் இடத்தில் நூல் மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று தொடங்கும். எங்கே தொடங்குகிறது என்று பிடிக்க முடியாது. இதோ வந்துவிட்டது என்று நினைக்கும்போதே, அது ரொம்ப நேரமாக இருப்பது தெரியும். அதன் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, எல்லாச் சத்தங்களையும் திரும்ப அழைத்துக்கொண்டு வரும்.

தினமும் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைப் பிடிக்கப் பார்ப்பேன். ஒரு நாளும் பிடித்ததில்லை. காது நன்றாக இருக்கிறது என்று உட்கார வைக்கப்பட்டவளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அந்த அவமானம் எனக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்க யாரும் என்னை எதுவும் கேட்காத, எதுவும் சொல்லாத ஐந்து நிமிஷம் அதுதான். நாளைக்கு எப்படியும் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் சாயங்காலம் வேன் ஏறுவேன்.

கூட வேலை செய்த பெண்கள் ஒவ்வொருத்தியாக ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுப் பார்த்தார்கள். "இன்னாடி இது, ரைஸ் மில்லுல குந்திகினு கீற மாதிரி கீது" என்றாள் லேபிள் ஒட்டுகிறவள். சரி, அவள் பரவாயில்லை. சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, "இதெல்லாம் இரைச்சல்மா, இதக் கேட்டா புத்தி கெட்டுப்போவும்" என்றார். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப். காலையிலிருந்து சாயங்காலம் வரை 'டமார் டமார்' என்று மண்டையில் இறங்கும். அதற்கு நடுவில் நின்றுகொண்டு அந்த மனிதர் என் ஐந்து நிமிஷத்தை இரைச்சல் என்கிறார். ஆடி மாதம் முழுக்க எங்கள் தெருவில் குழாய் ஸ்பீக்கர் விடிகாலையிலேயே தொடங்கிவிடும், அது இரைச்சல் இல்லை. ஒருத்தி தனியாக உட்கார்ந்து, வேறு யாருக்கும் கேட்காமல், ஹெட்ஃபோனில் ஒன்றைக் கேட்டால் அது இரைச்சல்.

இன்ஜினியர் போன இரண்டு மாதத்தில் ஆர்டர் கூடியது. ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார்.

"இனிமே முழுசா கேக்க வேணாம். மொத பத்து செகண்டு, கடேசி பத்து செகண்டு. ரெண்டும் நல்லா இருந்தா ஓகே போட்டுக்கினே போ."

"நடுவுல நாடா மடிஞ்சிருந்தா சார்?"

"நடுவுல எவன் பார்க்கப்போறான்? வாங்கினவன் பார்த்துக்குவான்."

எனக்குச் சுரீர் என்றது. நாடா மடிவது பெரும்பாலும் நடுவில்தான், அது அவருக்கும் தெரியும். மேலே வாதாடினேன். அதற்கு அவர், பதிகிற மிஷினையும் மேனேஜர் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். என் மேஜையில் கேட்கிற மிஷின் மட்டும் மிஞ்சியது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். இன்ஜினியர் விட்டுப்போன கேசட்டில் இருப்பது நல்ல ஃபாரின் நாடாவாம், அதை வீணாக்கக் கூடாதாம். சனிக்கிழமை சாயங்காலம் அதை அழித்துவிட்டு டோன் ஏற்ற வேண்டும். அழிக்க வேண்டியது நான். கேசட்டுகளை அழிக்கிற மிஷினும் என் மேஜையில்தான் இருந்தது.

திங்கள் முதல் சனி வரை எனக்கு இருந்தது அவ்வளவுதான். அதற்குள் அந்தக் கேசட்டுக்கு ஒரு நகல் எடுத்தாக வேண்டும். பெயர் தெரியாததைக் கடையில் போய்க் கேட்க முடியாது. பெயர் தெரிந்தாலும் எங்கள் ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும்? அழிந்தால் அழிந்ததுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதை பாலிதீன் கவரில் சுற்றி டிபன் பாக்ஸின் கீழ் அடுக்கில் வைத்து எடுத்து வந்தேன். கேட்டில் பையைத் தடவிப் பார்க்கிற அம்மாள், "இன்னா, இன்னிக்கு சாப்புடலியா, கனமா கீது" என்றாள். "பசிக்கல ஆயா" என்றேன். பிடிபட்டால் அன்றோடு வேலை போயிருக்கும். நான் அதுவரை கம்பெனியிலிருந்து ஒரு ஸ்டிக்கர்கூட எடுத்து வந்ததில்லை.

எங்கள் ஊரில் கோயில் தெருவில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. ஓர் ஆள் உள்ளே போனால் இன்னோர் ஆள் வெளியே வர வேண்டும், அவ்வளவு அகலம்தான். நான்கு டெக் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்கார அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஆள்களோடு பேசிக்கொண்டும் இருப்பார். தங்கமான மனிதர். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கேசட்டாக இருந்தாலும் ஏ பக்கம் பிள்ளையார் பாட்டு, பி பக்கம் முருகன் பாட்டு, அதற்குப் பிறகுதான் நாம் கேட்டது. காதல் பாட்டு, சோகப் பாட்டு, கல்யாண ரெக்கார்டிங், எதற்கும் விலக்கு கிடையாது. மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பாட்டு வைத்திருந்தார். வெறும் நாடாவில் நேராகப் பாட்டை ஏற்றினால் கேசட் உருப்படாது, சிக்கிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

நான் சொன்னேன். எங்கள் கம்பெனி கேசட்டையே காசு கொடுத்து வாங்கி அவர் கையில் வைத்து, "அண்ணே, இதுல சாமி பாட்டு வேணாம். அப்டியே ஏ டு ஏ, பி டு பி" என்றேன்.

"சரிம்மா. வெள்ளிக்கெழம வா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இரண்டையும் வாங்கி வந்தேன். வீட்டு டேப் ரெக்கார்டரை என் அண்ணன் சிநேகிதன் வீட்டுக் காதுகுத்துக்குக் கொடுத்திருந்தான், ஞாயிறுதான் வரும். அதனால் நகலைச் சனிக்கிழமை கம்பெனிக்கே எடுத்துப் போனேன். அசலைச் சத்தம் போடாமல் டிராயரில் வைத்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஹெட்ஃபோனை மாட்டினேன். அரை மணி நேரம் இருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வேன், யாருமே அவசரப்படுத்தவில்லை.

ஏ பக்கம் போட்டதும் பிள்ளையார் வந்தார். எனக்கு மூக்கு மேல் கோபம். திருப்பி பி பக்கம் போட்டேன். முருகன் வந்தார். அதுவும் எந்தப் பாட்டு என்கிறீர்கள்? பஜ்ஜி தின்றவர்கள் முன்னால் நான் பாடினேனே, அதே பாட்டு. ஹெட்ஃபோனோடு எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை சொல்லியும் அந்த மனுஷன் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் அவரை நார் நாராகக் கிழித்தேன். கிழித்துக்கொண்டே இரண்டு பக்கத்தின் கடைசிக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஏ பக்கம் கடைசிப் பாட்டு ஒழுங்காக முடிந்தது. பி பக்கம் கடைசிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, நாடா தீரும்போது சரியாக நின்றது. தொடக்கம் பார்த்தாயிற்று, முடிவு பார்த்தாயிற்று. கை தானாகப் போய் ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து அதன் மேல் ஒட்டியது.

நாலரை மணிக்கு சூப்பர்வைசர் வந்து நின்றார். டிராயரிலிருந்து இன்ஜினியரின் கேசட்டை எடுத்தேன். அழிக்கிற மிஷின் ஒரு சின்ன தோசைக்கல் அளவுதான் இருக்கும். பட்டனை அழுத்தினால் 'ம்ம்ம்' என்று முனகும். கேசட்டை அதன் மேல் வைத்து மெதுவாக இழுத்தால் போதும். "ரெண்டு தடவ இழு, மிச்சம் கிச்சம் நின்னுடப்போவுது" என்றார். இரண்டு தடவை இழுத்தேன். என்னிடம்தான் நகல் இருக்கிறதே என்ற தைரியத்தில், கொஞ்சம் அலட்சியமாகவே இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப் ரெக்கார்டர் வந்தது. ஏ பக்கம் முழுக்க இருந்தது, நான்காவது பாட்டின் மூச்சு உட்பட. பி பக்கம் திருப்பினேன். முருகன் பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு முடித்தேன். பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. பதினொரு நிமிஷம் ஓடுவது தொடங்கியது. சத்தங்கள் ஏறின, ஒவ்வொன்றாக விலகின. 'டொக்' என்றது. இன்னொரு 'டொக்'. பிறகு 'டக்' என்று பட்டன் அமுங்குகிற சத்தம், உடனே எல்லாச் சத்தங்களும் ஒரேயடியாகத் திரும்பி வந்து காதில் இடித்தன.

திரும்ப ஓட்டிப் போட்டேன். டொக், டொக், டக். மறுபடியும் போட்டேன். "இன்னாடி, டேப்ப தேய்ச்சிகினே கீற, அண்ணன் வந்தா கத்தப்போறான்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். அப்போதுதான் எனக்குக் கணக்கு வந்தது. ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். ஏ பக்கத்து இசை முப்பத்தெட்டு, அதனால் பிள்ளையார் தாராளமாக உட்கார்ந்துகொண்டார். பி பக்கத்து இசை நாற்பத்து நான்கு. அதில் முருகனுக்கு ஐந்து நிமிஷம் எங்கிருந்து வரும்? நாடாவின் தடிமனைப் பார்த்தே எத்தனை நிமிஷம் என்று சொல்கிறவள் நான். கோபம் வந்தால் எனக்குக் கணக்கு வராது. நேற்று அந்த முருகன் பாட்டைக் கேட்டுக் கொதித்ததில், அது யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

கேசட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் தெருவுக்கு ஓடினேன். கடை திறந்திருந்தது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நான் சாமி பாட்டு வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா, நடுவில் வெட்ட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, நீங்கள் போய் உங்கள் சாமி பாட்டை நடுவில் வெட்டுவீர்களா என்று தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நான்காவது பாட்டுக்காரனைப் போல மூச்சை இழுத்து இழுத்துக் கத்தினேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய் நின்றார்.

"இன்னாம்மா நீ, ஒண்ணுமே வெட்டலியே. நடுவுல எல்லாம் நின்னு போயி டொக்கு டொக்குன்னுகினு கீது. டேப்பு மாட்டிக்கிச்சோன்னு எடுத்துக்கூட பார்த்தேன். நல்லாத்தான் கீது. சரி, பாட்டும் இல்ல, மியூசிக்கும் இல்ல, இத்த வச்சிகினு நீ இன்னா பண்ணப்போறன்னுட்டு, பதியாம இருக்க பாஸ் பட்டன அமுக்கி வச்சிகினு இருந்தேன். மறுபடி வாசிக்க ஆரம்பிச்சதும் வுட்டேன். சாமிக்கும் சரியா எடம் கெடச்சிச்சி. வேற ஒண்ணுமே போவல."

"அதுதான் அண்ணே எனக்கு வேணும். அந்த டொக்கு டொக்குதான் வேணும்."

பாவம், அவர் ரொம்பத் தன்மையாகச் சொன்னார். "சரி வுடு. தப்புதான். அந்தக் கேசட்ட கொண்டா. இந்த தபா சாமி பாட்டே இல்லாம பதிஞ்சி தரேன். காசு வேணாம்."

இவர் மட்டும் இப்படி நல்லவராக இல்லாமல் திரும்பச் சண்டை போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"அது இல்லண்ணே."

"எங்க போச்சி?"

"அழிச்சிட்டாங்க."

"அடப்பாவமே. யாரு?"

"நான்தான்."

அவர் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன், வெட்கமில்லாமல்.

திங்கட்கிழமை அந்தக் கேசட்டில் டோன் ஏற்றி என் மேஜைக்குக் கொடுத்தார்கள். தினமும் காலையில் மிஷினைச் சரிபார்க்க அதைத்தான் போட வேண்டும். இன்ஜினியர் எழுதிய ஏ, பி அப்படியே இருந்தது. போட்டால் 'கூ' என்று இழுக்கும். அதற்கு அடியில் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று சத்தத்தை ஏற்றி வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் இல்லை. இரண்டு தடவை இழுத்திருந்தேனே, எப்படி இருக்கும்?

அந்த வாரம் ஒரு வீம்பு செய்தேன். ஒவ்வொரு கேசட்டிலும் முதல் பத்து, கடைசிப் பத்தோடு நடுவிலும் பத்து செகண்ட் கேட்டேன். நாற்பது கேசட்டில் நாடா மடிந்திருந்ததைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்தேன். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு, அந்த நாற்பதையும் எடுத்துக் கையோடு பெட்டியில் போட்டார். அடுத்த வாரம் நானும் விட்டுவிட்டேன். என் மேல் எனக்கு இருக்கிற கோபங்களில் இதுவும் ஒன்று. முதல் பத்து, கடைசிப் பத்து, பச்சை ஸ்டிக்கர். யாரும் சொல்லாமலே கை அதைச் செய்யத் தொடங்கியது.

பிறகு எல்லோரும் கேசட்டை விட்டார்கள், கம்பெனியும் மூடியது. நான் வேலையை விடவில்லை. கல்யாணம் ஆன பிறகும் இந்த ரோட்டிலேயே வேறு வேறு கம்பெனிகளில் ஒயர், ஸ்விட்ச், சார்ஜர் என்று எதையாவது சோதித்துக்கொண்டே இருந்தேன். நெல் இருந்த இடத்திலெல்லாம் ஷெட் வந்தது. எல்லா இடத்திலும் அதே விதிதான். தொடக்கத்தைப் பார், முடிவைப் பார், ஓகே போடு. அந்த நகல் கேசட் மட்டும் என்னோடு இருந்தது. முருகன் பாட்டோடும் 'டக்'கோடும் எத்தனையோ தடவை கேட்டேன். கடைசியில் நாடா அறுந்தது. எதிலும் சிக்கிக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் வல்லம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இன்ஜினியர், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவள் காதிலிருந்து சத்தம் கொஞ்சம் வெளியே ஒழுகியது. 'டொக்... டொக்...' அவள் தோளைத் தொட்டு, அது என்ன என்று கேட்டேன்.

"சும்மா ஒரு பழைய மியூசிக் ஆன்ட்டி. ஒங்களுக்குல்லாம் பிடிக்காது."

எனக்குப் பிடிக்காதாம். நீ பிறப்பதற்கு முன்னாலேயே அதற்காக டிபன் பாக்ஸில் திருடினவள்டி நான் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு, என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அந்த பி பக்கம் முழுவதையும் அனுப்பினாள். அதில் பெயர், படம், வருஷம் எல்லாம் இருந்தது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். இத்தனை காலம் பெயரில்லாமல்தான் அது எனக்குச் சொந்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். முதல் சத்தம் வந்ததும் ஏதோ குறைந்தது. என்ன குறைகிறது என்று தெரிந்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. முருகனைக் காணோம். இத்தனை வருஷம் யாரைத் திட்டித் தீர்த்தேனோ அந்தப் பாட்டுக்காக என் காது காத்துக்கொண்டிருக்கிறது.

பதினொரு நிமிஷம் ஓடுவது வந்தது. சத்தங்கள் ஏறின, விலகின. டொக். டொக். 'டக்' வரப்போகிறது என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். வரவில்லை. டொக் என்று அது பாட்டுக்குத் தொடர்ந்து போனது. இன்றைக்குப் பிடித்துவிடலாம் என்று கண்ணை மூடினேன். பத்து செகண்ட் ஆகியிருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தால், என் கட்டைவிரல் போனின் மேல், பாட்டு எதுவரை ஓடியது என்று காட்டுகிற கோட்டின் கடைசிக்குப் போய் நிற்கிறது. அழுத்தவில்லை, அழுத்த ஒரு மயிரிழைதான் பாக்கி.

கையை வெடுக்கென்று இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். விரலைத் திட்டினேன். அந்த விரலை அப்படிப் பழக்கிய சூப்பர்வைசரைத் திட்டினேன். நாற்பது கேசட்டைப் பெட்டியில் போட்டதைத் திட்டினேன். அமுக்கி வைத்துக்கொண்டிருந்த கடைக்கார அண்ணனைத் திட்டினேன், சோடா வாங்கிக் கொடுத்ததற்கும் சேர்த்துத் திட்டினேன். எல்லோரையும் திட்டி முடித்து மூச்சு வாங்கியபோது, அந்த மெல்லிய சத்தம் எப்போதோ தொடங்கியிருந்தது.